வாசல் லைட்டும் வளவுக் கரண்டும்

வீட்டில் ஒரு கல்யாணம், கத்னா என்று வந்தால் வளவில் பந்தல் போடுகிறோம். பந்தலுக்குக் கரண்ட் எங்கே என்று தேடும்போது எல்லோருடைய கண்ணும் விறாந்தை லைட்டில்தான் விழும். பல்பைக் கழற்றி, ஹோல்டரில் ஒரு பிளக்கைச் செருகி, வயரை வெளியே இழுத்துவிடுவார்கள்.

என் ராத்தாவின் மகளுடைய கல்யாணத்துக்கும் பிள்ளைகள் இப்படித்தான் ஆயத்தமானார்கள். பந்தல் லைட்டுடன் மின்விசிறியையும் தேநீர்க் கேத்தலையும் அதிலேயே கொழுவப் பார்த்தார்கள். வயரிங் வேலைக்கு வந்தவர் தடுத்துவிட்டார். அன்று தேநீர் விறகடுப்பில்தான் கொதித்தது. அவர் சொன்ன காரணங்களை நீங்களும் கேளுங்கள்.

லைட் வயர் மெல்லியது. அதற்குப் பெரும்பாலும் 6 அம்பியர் பிரேக்கர்தான் இருக்கும். நமது 230 வோல்ட் மின்சாரத்தில் அது 1380 வாட்டுக்கே போதும். 2000 வாட் கேத்தலுக்கோ ஏறக்குறைய 9 அம்பியர் வேண்டும். பல்புக்காகச் செய்த ஹோல்டர் அந்தப் பாரத்தில் சூடேறி உருகிவிடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, ஹோல்டரில் எர்த் இல்லாததுதான். கசிவுள்ள மின்விசிறியை, ஈர நிலத்தில் வெறுங்காலுடன் நிற்கும் பிள்ளை தொட்டால், கரண்ட் அந்தப் பிள்ளையின் உடம்பு வழியாகவே நிலத்துக்குப் போகும்.

ஆகவே வாசல் லைட்டில் இருந்து சிறு விளக்குகளை மட்டும் எடுங்கள். அதையும் வேலை தெரிந்தவர், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுச் செய்யட்டும். மற்றவற்றுக்கு எர்த் உள்ள தனி லைன் இழுத்து, மழை படாத மூடியுள்ள பிளக் பொயின்ட் வையுங்கள். அது 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஊடாக வரவேண்டும். பந்தல் போடுமுன் அந்தச் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். கரண்ட் உடனே நிற்காவிட்டால், சமையல்காரருக்குச் சொல்லுமுன் வயரிங்காரரைக் கூப்பிடுங்கள்.