கடித்தது யார் வீட்டு நாய்?

கட்டுகஸ்தோட்டையில் ஒருவரை நாய் கடித்துவிட்டால் ஊரே கேட்பது, "ஊசி போட்டாச்சா?" என்றுதான். யார் வீட்டு நாய் என்ற கேள்வி பிறகு வரும். பல வேளை வராமலே போகும். 1973இல் விசர்நாய்க்கடியால் 377 பேரைப் பறிகொடுத்த நாடு இலங்கை. அரசாங்க ஆஸ்பத்திரியின் இலவச ஊசியும் நாய்களுக்கான தடுப்பூசியும் அந்தத் தொகையைப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கிவிட்டன. உயிர் தப்பினால் போதும் என்று பழகிய ஊருக்கு நட்டஈடு நினைவில் வராதது இயல்புதான். நாய்ப் பதிவுச் சட்டம் 1901 முதல் இருந்தும், நாலு வீட்டுச் சோற்றில் வளரும் நாய்க்கு உரிமையாளரைத் தேடுவது வீண்வேலை.

அங்கிருந்து ஒன்ராறியோவுக்கு வந்தவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். இங்கே நாய்க்கு இடம்கொடுத்து வைத்திருப்பவரையும் சட்டம் உரிமையாளராகவே கொள்கிறது. அது கடித்தால் பொறுப்பு அவருடையது. அவர் கவனக்குறைவாக இருந்தாரா என்ற கேள்வியே இல்லை. "எங்க நாய் இதுவரைக்கும் யாரையும் கடிச்சதில்லையே" என்பது நியாயமான பேச்சு, ஆனால் நீதிமன்றத்தில் செல்லாது. கடிபட்டவர் மீதும் தவறிருந்தால் தொகை குறையும், அவ்வளவே. இந்தச் சுமையைத் தாங்குவது வீட்டுக் காப்புறுதியிலுள்ள பொறுப்புப் பகுதி. பெரும்பாலும் பத்து லட்சம் டொலரோ அதற்கு மேலோ. பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவரின் நாய்க்கு வீட்டுக்காரரின் காப்புறுதி உதவாது. வாடகைக்கு இருப்பவர் தனியாக எடுக்க வேண்டும்.

"சொந்தத்துக்குள்ள நட்டஈடு கேக்கிறதா?" என்று நம்மவர்கள் முகம் சுளிப்பதை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஆனால் காப்புறுதி இருந்தால் பணம் கொடுப்பது மாமா அல்ல, கம்பனி. இல்லாதபோதுதான் காயத்தை விழுங்குவதா, உறவை முறிப்பதா என்ற இக்கட்டு வருகிறது. வைத்தியம் இங்கும் இலவசம்தானே என்பார்கள். போகாத ஷிப்டுக்குச் சம்பளமும் குழந்தையின் முகத்துத் தழும்பும் அதில் அடங்காது. போதாததற்கு, அந்த வைத்தியச் செலவையே பொறுப்பாளியிடம் திருப்பிக் கேட்க மாகாண அரசுக்கு உரிமை உண்டு. ஆகவே நாய் வாங்கினால் காப்புறுதி முகவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்; எந்த இனத்தை ஏற்கமாட்டார்கள் என்றும் கேளுங்கள். ஒன்று மட்டும்: பொறுப்புப் பகுதி வெளியாருக்கானது. அதே வீட்டில் வாழும் பாட்டியைக் கடித்தால் பொதுவாக அதிலிருந்து ஒரு சதமும் கிடைக்காது.