பட்ட மரம்னு நினைச்சீங்களா பாஸ்?

கள்ளக்குறிச்சியில பஸ் ஏறி, கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலை போயிருக்கீங்களா? மார்ச்ல போனேன். கல்வராயன் மலையில ஒரு மரம் இலையே இல்லாம நின்னுச்சு. "ஐயோ, செத்துப்போச்சே!"ன்னேன். பக்கத்து சீட் மலைக்கிராமத்துப் பாட்டி சிரிச்சிட்டாங்க. "சாகல கண்ணு! கடுக்காய் மரம். இலை உதிர்த்துட்டுத் திரும்பத் துளிர்க்கும்!"

திரிபலாவில் நெல்லி, தான்றியோடு சேருமே... அதேதான்! இதிலுள்ள டானின், பச்சைத் தோலை அழுகவிடாமல் லெதர் ஆக்கும். குரோமியம் உப்பு வருவதற்கு முன்பு நம்மூர் தோல் ஷாப்புகளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் ஹீரோ!

பாட்டி மடியில் ஒரு பை. காட்டில் ஒவ்வொன்றாகப் பொறுக்கிய கடுக்காய். விலை? "வியாபாரி சொல்றதுதான்"னாங்க.

அடுத்த தடவை கடுக்காய்ப் பொடி வாங்கும்போது, குனிஞ்சு நிமிர்ந்த அந்த முதுகையும் கொஞ்சம் நினைச்சுக்கங்க!