கைக்கு ஒரு துணை

ஐவிரலுள் பெருவிரல் உருவிற் குறியது, பெயரிலோ பெரியது. மற்றை விரல்களுக்கு மும்மூன்று எலும்புகள் அமைந்திருக்க, இதற்கு இரண்டே உள்ளன. எனினும், ஏனைய நான்கினையும் எதிர்கொண்டு தொடவல்லது இஃதொன்றே. எழுதுகோலைப் பற்றுதலும், பொத்தானை மாட்டுதலும், கவளத்தை வாயினுள் தள்ளுதலும் இதன் துணையின்றி இனிது நடவா. துரோணர் ஏகலைவனிடம் காணிக்கையாகக் கேட்டது இவ்விரலையே. நியாயாதிபதிகள் ஆகமத்தின் முதலதிகாரத்தில் வரும் அதோனிபேசேக்கு என்பான், எழுபது அரசர்களுடைய கைகால்களின் பெருவிரல்களைத் தறித்துவிட்டான். வில்லும் வாளும் பற்றவியலாத கை அரசாளும் கையன்று என்பதை அக்கொடியோன் அறிந்திருந்தான் போலும்!

உடை நெகிழ்ந்தவழிக் கை விரைந்து சென்று உதவுதலை வள்ளுவனார் நட்புக்கு உவமையாக்கினார். அக்கைக்கே இடுக்கண் வந்தால் அதற்கு உதவுவது யாது? சென்ற ஆண்டு, கைப்பந்தாட்டத்தில் விரைந்து வந்த பந்து எமது வலக்கைப் பெருவிரலைப் புறமாக வளைத்தபோது, இவ்வினா எமக்கு எழுந்தது.

மருத்துவர் எக்ஸ்ரே படம் எடுப்பித்துப் பார்த்து, எலும்பு முறியவில்லையென்றும், விரலின் அடிமூட்டிலே, சுட்டுவிரலை நோக்கிய பக்கத்தில், எலும்பை எலும்போடு பிணிக்கும் நார் ஒரு பகுதி கிழிந்துள்ளதென்றும் கூறினார். பனிச்சறுக்கு ஆடுவோர் கைக்கோலோடு விழுங்கால் இத்தகைய ஊறு நேர்வதுண்டு. ஸ்காத்லாந்தில் வேட்டைக்காடு காப்போர்க்கு, முயல்களின் கழுத்தை முறுக்கிக் கொல்லும் தொழிலால் இந்நார் நாளடைவில் தளர்ந்துபோவதைக் கேம்பெல் என்னும் மருத்துவர் 1955-ஆம் ஆண்டில் எழுதினார். அதனால் 'வேட்டைக்காவலர் பெருவிரல்' என்னும் பெயரும் இதற்கு வழங்குகின்றது. நார் முற்றும் அற்று, அதன் முனை அயலிலுள்ள தசைப்படலத்துக்கு வெளியே சிக்கிக்கொள்ளுமாயின், அறுவை மருத்துவம் வேண்டும். ஒரு பகுதியே கிழிந்ததாயின், நான்கு முதல் ஆறு வாரம் அசையாது காத்தல் பெரும்பாலும் போதும்.

எமக்கு ஆறு வாரம் விதிக்கப்பட்டது. வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக்குத் தகட்டினை எமது கைமேல் வைத்து வளைத்து, மணிக்கட்டையும் பெருவிரலையும் ஒருங்கே தாங்கும் பட்டையொன்று செய்தளித்தனர். ஸ்பிளின்ட் என்று மருத்துவர் கூறுவது இதுவே. நம் நாட்டில் எலும்பு கட்டுவோர் வைக்கும் மூங்கிற்பத்தையும், ஒல்லாந்துப் படைமருத்துவர் மத்தைசன் 1852-ஆம் ஆண்டில் வெளியிட்ட சுண்ணச்சாந்துக் கட்டும் இதற்கு மூத்தோர் ஆவர். இப்பட்டை நாரைத் தைப்பதுமில்லை, மருந்தூட்டுவதுமில்லை. கிழிந்த முனைகள் மீண்டும் விலகாதவாறு மூட்டினை நிறுத்திவைக்கின்றது. ஒட்டும் வேலையை உடலே செய்துகொள்கின்றது.

நான்காம் வாரத்திலே பருவத்தேர்வு வந்துற்றது. தமிழ்ச் சிறப்பு வகுப்பினர்க்குத் தேர்வென்பது மூன்று மணிநேரம் இடையறாது எழுதுதலன்றோ? நண்பர் சிலர், "மூன்று மணிநேரந்தானே, கழற்றி வைத்துவிட்டு எழுதுக" என்றனர். பாதி ஒட்டிய நார் மீண்டும் அறுமாயின், எழுதுதலே எம் தொழிலாகவேண்டிய எமக்கு அதன் விலை ஓராண்டுத் தேர்வினும் பெரிதாகும். எனவே மருத்துவச் சான்று காட்டி, வேறு துறையைச் சார்ந்த இளைய மாணவர் ஒருவரை எழுதுவோராகப் பெற்றோம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் செய்யுளையே தங்குதடையின்றிச் சொல்லிச் செல்ல, மாணாக்கர் ஏட்டில் எழுதினர் என்பர். எமக்கோ உரைநடையே திக்கித் திக்கி வந்தது. இன்ன இடத்து இடையின ரகரம், இன்ன இடத்து வல்லின றகரம் என்று சொல்லிச் சொல்லி நா வறண்டது. மதிப்பெண் சிறிது குறைந்தது, விரல் தப்பியது.

அக்காலத்தே எம் தமக்கையாரும் மகப்பேற்றின் பின் தாய்வீட்டில் இருந்தனர். குழந்தையைத் தூக்குந்தோறும் அவர்க்குப் பெருவிரலடியிலிருந்து மணிக்கட்டின் பக்கமாக நோவு ஏறும். தூக்குதற்கு அஞ்சி, அழும் மகவைப் பார்த்துத் தாமும் கண்கலங்குவர். 1895-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து மருத்துவர் தெ கெர்வான் விளக்கிய நோய் இது. பெருவிரலை இயக்கும் தசைநாண்கள் இரண்டு மணிக்கட்டருகே ஒரு குறுகிய உறையினூடே செல்கின்றன. உறை தடித்து வழி நெருங்கவே நோவுண்டாகின்றது. பச்சிளங்குழந்தையை அடிக்கடி தூக்கும் தாயர்க்கு இது மிகுதி. அவர்க்கும் தாங்குபட்டை கிடைத்தது. அதனோடு பெருவிரலை விரித்துக் குழந்தையை அக்குளிற் பற்றாது, முன்கைகளை அடியிற் கொடுத்து ஏந்தும் முறையும் கற்பிக்கப்பட்டது. சில வாரங்களில் அச்சமின்றிக் குழந்தையை எடுத்தனர். பட்டையால் தணியாதவர்க்கு ஊசிமருந்தும், அதனாலும் தீராதவர்க்குச் சிறு அறுவையும் உண்டு.

வலித்தவுடன் கடையிற் பட்டை வாங்கி அணிந்துவிட்டால் போதும் என்று எண்ணுதல் கூடாது. முறிவோ முற்றறுதலோ உள்ளதாவென்று முதலிற் பார்த்தல் வேண்டும். விரல் மரத்தலும் நீலமாதலும் கட்டு இறுகியதன் அடையாளம், உடனே தளர்த்துக. நுனிமூட்டைத் தடையின்றி விட்டிருப்பின் அதனை மடக்கி நீட்டி வருதல் நன்று. வேண்டிய காலத்துக்கு மேலும் அணிந்திருப்பின் மூட்டு இறுகும், தசை மெலியும். எம் பட்டையை ஆறாம் வார முடிவிற் கழற்றியபோது, பெருவிரல் சிறுவிரலின் அடியைத் தொட மறுத்தது. ஒவ்வொரு விரல்நுனியையும் முறையே தொடுதல், மெல்லிய பந்தினை அமுக்குதல் என்னும் பயிற்சிகளை நாடோறும் செய்தோம். சுமை தூக்கும் வேளையில் மட்டும் பட்டையை அணிந்து, பின்னர் அதனையும் விட்டோம்.

தோழர்காள்! கைப்பேசியிற் பெருவிரல்களை இரவும் பகலும் ஓட்டும் நமக்கு இவ்வறிவு வேண்டுவதே. ஏழாம் நாளை மனிதர்க்கும், ஏழாம் ஆண்டை நிலத்துக்கும் ஓய்வாக விதித்தது மோசேயின் நியாயப்பிரமாணம். மீண்டும் விளைதற்பொருட்டே நிலம் தரிசாக விடப்பட்டது. நொந்த கைக்கும் அத்தகைய ஓய்வினை, உரிய அளவோடு, மனமுவந்து அளிப்போமாக.