மரமும் புதரும்

இந்த இதழுக்கென்று ஒப்புக்கொண்ட மொழிபெயர்ப்பை என்னால் முடிக்க முடியவில்லை. காரணத்தை ஆசிரியருக்குக் கடிதமாக எழுத ஆரம்பித்தேன். அது இப்படி நீண்டுவிட்டது.

கவிதை கலிஃபோர்னியாவைப் பற்றியது. சிறியது. சிக்கல் இரண்டே சொற்களில்: ஓக், சப்பரால். ஓக்கிற்குக் கருவாலி என்று எழுதலாம். ஆனால் தென்னிந்தியக் காடுகளில் ஓக் தானாக வளர்வதில்லை. நம் நாட்டு ஓக்குகள் இமயமலைச் சரிவுகளில் இருக்கின்றன. கருவாலி என்றால் வாசகனுக்கு ஓர் ஒலி கிடைக்கும், மரம் கிடைக்காது. சப்பராலுக்குப் 'புதர்க்காடு' என்று போட்டு அடித்தேன். 'முட்புதர்' என்று போட்டு அதையும் அடித்தேன்.

ஸ்பானிய மொழியில் குட்டை ஓக்கிற்குச் சப்பாரோ என்று பெயர். அதிலிருந்து வந்தது சப்பரால். அங்கே மழை குளிர்காலத்தில் பெய்து முடிந்துவிடும். கோடை முழுக்க வறட்சி. அதைத் தாங்குவதற்காகப் புதர்களின் இலைகள் சிறுத்து, தோல்போலத் தடித்து, ஆனாலும் உதிராமல் பச்சையாகவே இருக்கும். சில இடங்களில் ஓக் மரங்கள் விட்டுவிட்டு நிற்க, அவற்றின் அடியில் இந்தப் புதர் மண்டியிருக்கும். கவிதை மரத்தைப் பற்றியதல்ல, புதரைப் பற்றியதும் அல்ல. இரண்டும் சேர்ந்து வாழ்வதைப் பற்றியது.

இவ்வளவையும் குறிப்பெடுத்துக்கொண்ட பிறகுதான், இது எனக்குத் தெரிந்த இடமாயிற்றே என்று உறைத்தது.

நான் திருமுல்லைவாயிலில் இருப்பவன். எங்கள் பக்கத்து மழையில் பெரும்பகுதி அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். அப்புறம் மாதக்கணக்கில் வெயில்தான். இந்தக் கரையோரத்துக் காட்டை வனவியலார் 'வறண்ட பசுமைமாறாக் காடு' என்று தனி வகையாக்கியிருக்கிறார்கள். முரண்போலத் தொனிக்கும் பெயர், ஆனால் சரியான பெயர். மேலே பாலையும் காயாவும். கீழே காரை, களா, சூரை, சங்கஞ்செடி, விராலி. ஓக் இல்லை என்பதைத் தவிர, அங்கே உள்ள ஏற்பாடுதான் இங்கேயும்.

ஊர்ப்பெயர்களைப் பாருங்கள்: முல்லைவாயில், வேற்காடு, வேப்பம்பட்டு, காட்டுப்பாக்கம். சுந்தரர் முல்லைவாயிலையும் சம்பந்தர் வேற்காட்டையும் பாடியிருக்கிறார்கள். நாம் இந்தப் பெயர்களைக் கண்டக்டரிடம் சில்லறையோடு சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

1955இல் ஆவடியில் காங்கிரஸ் கூடி, சோஷலிச பாணி சமுதாயம் பற்றித் தீர்மானம் போட்டது. 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. அங்கே வேலைக்கு வந்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். அவருக்குக் கம்பிவேலிக்கு வெளியே இருந்ததெல்லாம் பொட்டல். எனக்கும் அதே சொல்தான் வாய்த்தது. கவிதை எழுத ஆரம்பித்த பிறகும் அது மாறவில்லை. என் முல்லையும் பாலையும் புத்தகத்திலிருந்து வந்தவை.

1984இல் ஒரு மனை வாங்கினேன். புதர் வெட்ட ஆள் வந்தது. அவர்களில் வயதான ஓர் அம்மாள் ஒவ்வொரு செடியையும் பெயர் சொல்லிக்கொண்டே வெட்டினார். "இது காரை. இது சூரை, கைய வச்சிடாதீங்க சார். இது களா, ஊறுகாக்கு ஆவும்." அன்று மாலைவரை இருபது பெயருக்குக் குறையாமல் சொல்லியிருப்பார். என் பையில் நோட்டு இருந்தது. ஒரு கவிதைக்காக வைத்திருந்த நோட்டு. அதில் ஒன்றையும் எழுதிக்கொள்ளவில்லை.

மனையின் மூலையில் ஒரு பாலைமரம் நின்றது. அதை மட்டும் வெட்ட வேண்டாம் என்றேன். இது திணைக்குப் பெயர் தந்த பாலைதானா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவர், "உலக்கைக்கு நல்ல மரம்" என்றார். கூலி வாங்கிக்கொண்டு போகும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "மரத்த வுட்டுட்டு அடிய சொரண்டிட்டீங்களே சார். முள்ளு இல்லன்னா கன்னு ஆட்டு வாய்க்குத்தான்."

மரத்தைக் காப்பாற்றியவன் என்ற பெருமையில் அது என் காதில் ஏறவில்லை. நண்பர்களைக் கூட்டிவந்து காட்டினேன். அந்த மரத்தைப் பற்றி ஒரு கவிதையும் எழுதினேன்.

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மரம் நிற்கிறது. கோடையில் பழுக்கிறது, மைனாக்கள் வருகின்றன. அதன் அடியில் தினமும் பெருக்குகிறோம். இத்தனை வருஷத்தில் ஒரு கன்றுகூட எழுந்ததில்லை. நான் காப்பாற்றியது ஒரு மரத்தை, அதன் குடும்பத்தை அல்ல.

எங்கள் ஊர்க் கோயிலின் தலபுராணம் நினைவுக்கு வருகிறது. தொண்டைமானின் யானை முல்லைக்கொடியில் கால் சிக்கி நின்றதாம். அவன் வாளை எடுத்துக் கொடியை வெட்ட, உள்ளே இருந்த லிங்கத்தில் பட்டு இரத்தம் வந்ததாம். சந்நிதிக்கு முன் நிற்கும் இரண்டு தூண்களும் எருக்கந்தூண்கள் என்பது ஐதீகம். இதைச் சிறுவயது முதல் பக்திக் கதையாகத்தான் கேட்டிருக்கிறேன். புதரை வெட்டியவனின் கதையாக இப்போதுதான் கேட்கிறது.

ஆகவே, சப்பராலுக்குத் தமிழில் சொல் இல்லை என்று எழுதி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. ஒரு பகல் முழுக்க என் காதுபட அது சொல்லப்பட்டது. ஒரு சொல்லாக அல்ல, இருபது பெயர்களாக. அவற்றில் ஆறோ ஏழோதான் இப்போது என்னிடம் மிச்சம்.

போன ஐப்பசியிலிருந்து மரத்தடியில் ஒரு மூலையைப் பெருக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். மழை விட்டதும் முதலில் முளைத்தது சீமைக்கருவேலம். மெக்சிகோ, தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து இங்கே வந்தது. கவிதை கடல் தாண்டி வருமுன் இது வந்துவிட்டது. பிடுங்கிப் போட்டேன்.

அடுத்து என்ன வருகிறதென்று பார்க்க வேண்டும். அதுவரை கவிதை என்னிடமே இருக்கட்டும்.