ஜீப்புக்கு எந்த ஆக்ஸில்?

அமெரிக்காவில் பழைய ஜீப் ராங்ளர் வாங்குகிறவர்கள் முதலில் மாற்றுவது டயரைத்தான். 33 அங்குல டயர் போட்டதும் வண்டி கம்பீரமாக நிற்கும். பாறையில் ஏறும்போதுதான் வினை!

1997 முதல் 2006 வரை வந்த டிஜே ராங்ளர்கள் பலவற்றில் பின்பக்கம் இருப்பது டானா 35 ஆக்ஸில். அதன் தண்டில் 27 பற்கள். அந்தத் தண்டை உள்ளே பிடித்து வைத்திருப்பது 'சி' வடிவச் சிறு கிளிப். தண்டு முறிந்தால் சக்கரமே கழன்று வெளியே வந்துவிடலாம். மலைப்பாதையில் இது விளையாட்டு இல்லை.

சரி, எதைப் போடுவது? அதே டிஜேயின் டானா 44 என்றால் 30 பல், பெரிய வெட்டு ஒட்டு இல்லாமல் பொருந்தும். ஆனால் பழையதற்கும் கிராக்கி. அதனால் பலரும் 1995-2001 ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 ஆக்ஸிலைத் தேடி, வண்டி உடைக்கும் இடங்களுக்குப் போகிறார்கள். 31 பல், டிஸ்க் பிரேக், சக்கர போல்ட் அளவும் ஜீப்புக்கு ஒன்றே. இதிலும் சி கிளிப் உண்டு. தண்டு தடிமன் என்பதால் அவ்வளவு எளிதில் முறியாது.

மலிவு என்று துள்ள வேண்டாம். பழைய பிராக்கெட்டுகளை அறுத்து, ஜீப்புக்கானதை வெல்டிங் செய்ய வேண்டும். டிரைவ் ஷாஃப்டையும் பார்க்க வேண்டும். முன், பின் கியர் விகிதம் ஒன்றாக இல்லாவிட்டால், நான்கு சக்கர ஓட்டத்தில் இரண்டும் மல்லுக்கட்டி எதையாவது உடைக்கும். இதையெல்லாம் கூட்டினால்தான் உண்மையான விலை.

மண்பாதையில் மட்டும் போகிறவருக்கு, சிறிய டயரோடு இருக்கிற ஆக்ஸிலே போதும். முதலில் பாதை, பிறகு டயர், கடைசியில்தான் ஆக்ஸில்!