காணாமல் போன இகரம்

என் ஆய்வேட்டின் நான்காம் இயலைச் சென்ற வாரம் முழுவதுமாக நீக்கிவிட்டேன். பதினெட்டு மாத உழைப்பு. நெறியாளரிடம் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நல்ல வேளை, இப்போதாவது தெரிந்தது" என்றார். ஏன் நீக்கினேன் என்பதை இங்கே விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. ஏனெனில் தவற்றைக் கண்டுபிடித்தவர் மொழியியலாளர் அல்லர். முப்பத்து நான்கு ஆண்டுகள் கணினி வலையமைப்பிலும் மென்பொருள் எழுதுவதிலும் கழித்துவிட்டு, கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் தாய்மாமா.

என் ஆய்வு கேரளத்தின் எல்லைத் தமிழைப் பற்றியது. பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரம் ஒரு பக்கம். இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு வட்டாரங்கள் மறுபக்கம். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இரண்டையும் 'கேரளத் தமிழ்' என்று ஒரே பெட்டியில் போட்டுவிடுவார்கள். உண்மையில் இரண்டுக்கும் வேர் வேறு. சித்தூர்த் தமிழ் கொங்குத் தமிழின் தொடர்ச்சி. கொச்சி அரசின் கீழ் இருந்த காலத்திலும் அதன் சந்தையும் சம்பந்தமும் பொள்ளாச்சிப் பக்கமே. இடுக்கியின் தோட்டத் தமிழோ மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து தேயிலைக்கும் ஏலத்துக்கும் மலையேறியவர்களின் பேச்சு. இந்த வேறுபாட்டை நான் நன்றாக அறிவேன். அறிந்திருந்தும் ஏமாந்தேன் என்பதே செய்தி.

எனக்கு முன்பு இதே பகுதியில் களப்பணி செய்த ஒருவர் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தொகுத்த சொற்பட்டியல் ஒன்று என் கைக்கு வந்தது. பல கைகள் மாறி, பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றப்பட்டு வந்த கோப்பு அது. அதில் ஒரு விந்தை இருந்தது. 'இவன்' என்று வரவேண்டிய இடங்களில் 'வன்'. 'இடுப்பு' இல்லை, 'டுப்பு'. 'இருட்டு' இல்லை, 'ருட்டு'. 'இஞ்சி' வெறும் 'ஞ்சி'யாக நின்றது. மொழிமுதல் இகரம் ஒன்றுவிடாமல் உதிர்ந்திருந்தது.

எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்கப்போவதில்லை. தெலுங்கில் 'அவன்', 'இவன்' என்பவற்றுக்கு இணையான சொற்கள் 'வாடு', 'வீடு' என்று நிற்பதையும், தென் நடுத் திராவிட மொழிகளில் சொல்லின் முதலுயிர் இடம்பெயர்ந்ததையும் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தியின் 2003ஆம் ஆண்டு நூலில் படிக்காத திராவிட மொழியியல் மாணவர் இருக்கமாட்டார். தமிழில் அதற்கு நிகரான ஒன்று, அதுவும் தெலுங்கு பேசும் குடும்பங்களும் கலந்து வாழும் சித்தூர் வட்டாரத்தில்! 'ஞ்சி' என்பதில் மூக்கொலி தனி அசையாக நிற்கிறது என்று ஒரு பகுப்பாய்வும் எழுதினேன். புள்ளி பெற்ற மெய் மொழிக்கு முதலாகாது என்னும் தொல்காப்பிய மொழிமரபை வகுப்பில் பாடம் சொன்ன அதே வாரத்தில், அந்த விதியை மீறும் வட்டார வழக்கைக் கண்டெடுத்துவிட்டதாக நம்பினேன்.

களத்துக்குப் போனபோது எல்லோரும் 'இவன்' என்றே சொன்னார்கள். கோவிந்தாபுரத்தில் ஒரு பாட்டி, வண்டிப்பெரியாற்றில் லயத்துத் திண்ணையில் அமர்ந்திருந்த தோட்டத் தொழிலாளி, பள்ளிப் பிள்ளைகள், யாரும் இகரத்தை விழுங்கவில்லை. அப்போதாவது நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. கல்வியும் தொலைக்காட்சியும் ஒரு தலைமுறைக்குள் இகரத்தை மீட்டுவிட்டன என்று எழுதினேன். தரவு பொய்யாகும் என்ற எண்ணமே வராததால் மக்களின் வாயைத் திருத்தி எழுதிவிட்டேன்.

மாமாவிடம் அந்தக் கோப்பை எடுத்துப்போனது இதற்காக அன்று. மூலக் குறுவட்டு ஒன்று கிடைத்திருந்தது. என் மடிக்கணினியில் குறுவட்டு ஓட்டி இல்லை. அவரிடம் பழையது ஒன்று இருந்தது. திறந்தால் தலையில் கோடும் புள்ளியும் சுமந்த ஐரோப்பிய எழுத்துகளாகத் திரை நிறைந்தது. மாமா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "திஸ்கி" என்றார். நான் என் கண்டுபிடிப்பைப் பெருமையோடு விளக்கினேன். முழுவதும் கேட்டார்.

"எல்லா உயிரும் போச்சா, இ மட்டுமா?"

"இ மட்டும் மாமா."

"அ இருக்குது, ஈ இருக்குது, உ இருக்குது?"

"இருக்கு."

"வண்டிப்பெரியாத்துக்காரனும் நம்மூர்க்காரனும் சொல்லிவெச்சாப்பல அதே எழுத்த முழுங்கறானாக்கும்?" சிரித்தார். "அம்மிணி, அது வாயில போனதில்ல. கம்பியில போனது. நூத்தி எழுவத்தி மூணு."

அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். ஒரு பைட்டில் 256 இடங்கள் உண்டு. கீழ்ப்பாதி 128 இடங்கள் ஆங்கிலத்துக்கு என்று முன்பே முடிவாகியிருந்தன. மேல்பாதியில்தான் தமிழ் குடியேற வேண்டும். 1990களின் இறுதியில் ஆர்வலர்கள் இணையவழியே விவாதித்து உருவாக்கிய திஸ்கி குறியேற்றம் அப்படித்தான் அமைந்தது: அகரம் 171, ஆகாரம் 172, இகரம் 173. ஆனால் மேலை ஐரோப்பிய மொழிகளுக்கான தரத்தில் அந்த 173ஆம் இடத்தில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். 'சாஃப்ட் ஹைஃபன்' என்பார்கள்: வரி முடிவில் சொல்லை உடைக்க நேர்ந்தால் மட்டும் தலைகாட்டி, மற்ற வேளைகளில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் இணைப்புக்கோடு. சில செயலிகள் அந்த எண்ணைக் கண்டால் காட்டாது. சில, 'தேவையற்றது' என்று துடைத்தே எறிந்துவிடும். நடுவில் யாரோ ஒருவர் கோப்பை அத்தகைய செயலி ஒன்றின் வழியே நகலெடுத்திருக்கிறார். தமிழ் மொழிமுதல் இகரங்கள் அத்தனையும் அந்த ஒரே நொடியில் உதிர்ந்துவிட்டன. சொல்லின் நடுவில் வரும் 'ி' என்னும் குறி வேறு இடத்தில் இருந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

மாமா குறுவட்டுக் கோப்பை எண்களாகத் திறந்து காட்டினார். என் கோப்பில் 'வன்' இருந்த இடத்துக்கு நேராக, வகரத்துக்கு முன்னால், 173. அடுத்த சொல்லிலும் 173. அதற்கடுத்ததிலும்.

நான் வாயடைத்து நின்றதை அவர் கவனிக்காததுபோல், பழைய கதைக்குப் போனார். அவருடைய பணிவாழ்க்கையைப் பற்றி அதுவரை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. 1980களின் பிற்பகுதியில் சென்னையில் முதல் வேலை. அலுவலகக் கணினிகளை ஒரே கேபிளில் மாலைபோல் கோப்பார்கள். இரு முனையிலும் ஐம்பது ஓம் மின்தடை கொண்ட சிறு மூடி ஒன்றைத் திருக வேண்டும். யாராவது நாற்காலியை நகர்த்தும்போது ஒரு மூடி கழன்றால் தளம் முழுவதும் செத்துவிடும். மேசைக்கு அடியில் தவழ்ந்து அதைத் தேடுவதே அவருக்கு முதல் மூன்று ஆண்டுகளின் வேலை. நாட்டில் கல்வி நிறுவனங்களை இணைக்க எர்நெட் திட்டம் 1986இல் தொடங்கியிருந்தது. பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான் வந்தது. இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் கற்றுக்கொண்டதைத்தான் தாம் பிற்காலம் முழுவதும் தின்றதாகச் சொன்னார்.

பிறகு சிங்கப்பூர். பகலில் வலையமைப்பைக் கண்காணிக்கும் நிரல்கள், இரவில் தமிழ். மின்னஞ்சலுக்கான 1982ஆம் ஆண்டு நெறிமுறை ஏழு பிட்டுகளுக்கு மட்டுமே வழிவிட்டது. எட்டாவது பிட்டை வழியில் ஏதேனும் ஒரு பழைய வழங்கி வெட்டிவிட்டால் ஒவ்வோர் எண்ணிலும் 128 குறைந்துவிடும். "அ கூட்டல் குறி ஆயிரும், இ கழித்தல் குறி ஆயிரும்" என்றார். போட்டுப் பார்த்தேன். 171இல் 128 போக 43, கூட்டல் குறி. 173இல் 128 போக 45, கழித்தல் குறி. 1992இல் மைம் என்ற நெறிமுறை வந்தபின் இதற்குத் தீர்வு கிடைத்தது. ஆனால் எல்லா வழங்கிகளும் ஒரே நாளில் திருந்திவிடவில்லை. ஒரு தமிழ்க் கடிதம் முழுதாகப் போய்ச் சேர்ந்தாலே அன்று விருந்தாம்.

நான் நூலகத்தில் தேடாத வரலாறு இது. சிங்கப்பூரில் ஆசிரியராகவும் எழுத்தாளராகவும் இருந்த நா. கோவிந்தசாமி 1995இல் தமிழை வலைத்தளத்தில் ஏற்றும் முயற்சியில் முன்நின்றார், 'இணையம்' என்ற சொல்லை நமக்குத் தந்தவராக அறியப்படுகிறார், 1999இல் காலமானார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கி, கணினியிலிருந்து கைப்பேசிவரை நாற்பது ஆண்டுகள் அதே வேலையைச் செய்துவருகிறார்; 'முரசு அஞ்சல்', 'செல்லினம்' ஆகியவற்றில் ஒன்றையாவது தொடாமல் இந்தப் பதிவைப் படிப்பவர்களுள் பலர் தமிழில் தட்டச்சு செய்திருக்க முடியாது. சுவிட்சர்லாந்தில் வேதியியலாளராகப் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை உருவாக்கினார். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். நான் சங்கப் பாடலில் ஒரு சொல்லைத் தேடும்போது திறப்பது அந்தத் திட்டத்தின் கோப்பைத்தான்.

தமிழ் ஒருங்குறியில் 1991ஆம் ஆண்டின் முதல் பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. ஆயினும் பரவலாகப் பயன்பட்ட விண்டோஸ் இயங்குதளத்தில் அது வந்தது 2000இல். இடைப்பட்ட காலத்தை நிரப்பியவர்கள் இவர்கள்தாம், பெரும்பாலும் சொந்த நேரத்தில். குறைகளை அவர்கள் அறியாமலும் இல்லை. 173இல் இகரம் தொலைவதைக் கண்டு, திஸ்கியின் பிந்தைய பதிப்பில் 254ஆம் இடத்திலும் இன்னோர் இகரத்தை வைத்தார்கள். என் கைக்கு வந்த கோப்பு அந்தத் திருத்தத்துக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சானது. அதாவது, நான் பதினெட்டு மாதம் ஆராய்ந்த 'ஒலி மாற்றம்' அவர்கள் எப்போதோ அறிந்து திருத்திய பிழை.

ஒருங்குறியிலும் எல்லாம் சுகம் என்று மாமா ஒப்புக்கொள்வதில்லை. மற்ற இந்திய எழுத்துகளின் வரிசையைத் தழுவி அமைந்ததால் அதில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கின்றன. எண் வரிசைப்படி அகராதியை அடுக்கினால் நெடுங்கணக்கு குலைந்துவிடும். அவர் காட்டிய இன்னொன்று என்னை மேலும் கலங்கவைத்தது. 'கௌரவம்' என்ற சொல்லை என் தரவில் தேடச் சொன்னார். சில இடங்களில் கிடைத்தது. பிறகு, ஒற்றைக்கொம்பு போட்டுப் பக்கத்தில் ளகரத்தை எழுதி, 'கெளரவம்' என்று தேடினார். மற்றவை அங்கே இருந்தன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டு சொற்கள். ஔகாரத்தின் நிகழ்வெண் குறித்து நான் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்திருக்கிறேன். அதைப் பற்றி இப்போது பேச விரும்பவில்லை.

மலையாளத் தரவும் இப்படித்தான். என் தகவலாளிகள் இரு மொழியும் கலந்து பேசுவதால் சில பகுதிகளை மலையாள எழுத்தில் குறித்திருந்தேன். 2008இல் வந்த ஒருங்குறி 5.1 பதிப்பில் சில்லெழுத்துகளுக்குத் தனி இடம் கிடைத்தது. அதற்கு முன் எழுதப்பட்டவை வேறு வகையாகச் சேமிக்கப்பட்டிருக்கும். அங்கும் ஒரே சொல் இரண்டாக நிற்கிறது. இடுக்கி 2015 ஜனவரியில் நாட்டிலேயே முதலாவதாகத் தேசிய ஒளியிழை வலையமைப்பில் முழுமையாக இணைக்கப்பட்ட மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது. சிக்னலுக்காக லயத்தின் பின்புறப் பாறைமேல் ஏறி நின்று ஒலிப்பதிவுகளை அனுப்பியவள் என்ற முறையில் எனக்கு அதில் சிறு மனத்தாங்கல் உண்டு. ஆனால் மாமா சொல்வது வேறு: இழை வந்தாலும் வராவிட்டாலும், அதன் வழியே போகும் எண் என்னவென்று கேட்கத் தெரிய வேண்டும்.

நம் ஆய்வேடுகளின் 'ஆய்வு முறை' இயலில் தகவலாளியின் வயது, பால், சாதி, கல்வி, ஒலிப்பதிவுக் கருவி எல்லாம் இருக்கும். கோப்பு எந்தக் குறியேற்றத்தில் பிறந்தது, எத்தனை முறை மாற்றப்பட்டது, மாற்றிய நிரல் எது என்று யாரும் எழுதுவதில்லை, நானும் எழுதவில்லை. கால்டுவெல்லின் 1856ஆம் ஆண்டு நூலை மேற்கோள் காட்டாமல் ஒரு பக்கம் நகராத நான், என் தரவு கடந்துவந்த கைகளில் ஒன்றைக்கூடப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. என் குடும்பத்திலும் அதே கதைதான். 'மாமா கம்ப்யூட்டர்ல என்னமோ பண்றார்' என்பதற்கு மேல் எங்களில் எவருக்கும் எதுவும் தெரியாது. ஓய்வுபெற்ற அன்று அவருக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்களாம். அதில் என்ன செய்வது என்று கேட்டார். அவர் முப்பது ஆண்டுகளாகக் கணினிக் கடிகாரங்களை நொடி பிசகாமல் ஒத்திசைத்துக்கொண்டிருந்தவர்.

குறுவட்டுக் கோப்பிலிருந்து புதிதாக மாற்றும் நிரலை இருவரும் சேர்ந்து எழுதினோம். மூன்று சனிக்கிழமைகள் பிடித்தன. இகரங்கள் அனைத்தும் திரும்பிவிட்டன. நான்காம் இயலின் இடத்தில் இப்போது ஏழு பக்கத்தில் ஒரு பின்னிணைப்பு இருக்கிறது. பழைய தொகுப்பாளர் கேட்டது சரியாகவே கேட்டது, எழுதியது சரியாகவே எழுதியது என்று அதில் பதிவு செய்திருக்கிறேன். அந்தக் கடன் எனக்கு இருந்தது.

ஒரு வேண்டுகோள். உங்கள் துறையின் அலமாரியில் 2005க்கு முற்பட்ட தமிழ், மலையாளக் களத்தரவு கொண்ட வட்டோ நெகிழ்தட்டோ இருந்தால், இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு மாற்றியில் போட்டுவிட்டு மூலத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். முதலில் பைட் மாறாத ஒரு நகலை எடுத்து வையுங்கள். என்ன எழுத்துரு என்று தெரியவில்லை என்றால் எனக்குச் செய்தி அனுப்புங்கள். மாமாவுக்குச் சனிக்கிழமைகளில் நேரம் இருக்கிறது. கட்டணம் ஒரு காப்பி, சர்க்கரை இல்லாமல்.