ரேடியஸ் போட மறந்தவன்

எங்கள் அப்பா டர்னர். கோயம்புத்தூரில் பம்ப்செட் செய்யும் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். அவருடைய முதலாளியின் அறைக் கதவில் ஒரு பித்தளைப் பலகை. பெயருக்குப் பின்னால் 'பி.ஈ. (ஹானர்ஸ்) மெக்கானிக்கல்' என்று மின்னும். அப்பாவுக்கு பி.ஈ. மேல்கூட அவ்வளவு மரியாதை கிடையாது. அந்த பிராக்கெட் மேல்தான் பக்தி!

"கண்ணு, நீயும் அந்த பிராக்கெட்டோட வந்துரோணும்" என்பார்.

1989-ல் நுழைவுத் தேர்வு எழுதி மெக்கானிக்கல் சீட் வாங்கிவிட்டேன். பிராக்கெட்தான் கிடைக்கவில்லை. நான் சேர்ந்த காலேஜில் வெறும் பி.ஈ.தான். அப்பாவின் முகம் கொஞ்சம் வாடியது. "சரி போ, டிஸ்டிங்ஷனாவது வாங்கு" என்று சமாதானமானார்.

மெக்கானிக்கலில் அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள் என்று இன்றைக்கும் பலர் என்னைக் கேட்கிறார்கள். கேட்ட கையோடு, பதிலுக்குக் காத்திராமல், வீட்டில் ஓடாத மிக்ஸியை எடுத்து வந்து முன்னால் வைக்கிறார்கள். சார், மிக்ஸி ரிப்பேர் எங்கள் சிலபஸில் இல்லை!

இருந்தது வேறு. முதல் வருஷம் காக்கி மாட்டிக்கொண்டு ஒர்க்ஷாப். இரண்டு இரும்புத் துண்டைக் கையில் கொடுத்து அரத்தால் ராவச் சொல்வார்கள். ராவி ராவி, 'வி' மாதிரி வெட்டிய ஒன்றுக்குள் இன்னொன்று கச்சிதமாக உட்கார வேண்டும். வெளிச்சம் தெரியக் கூடாது. என்னுடையதைத் தூக்கிப் பிடித்தால் அந்த இடுக்கில் டவுன் பஸ்ஸே போகும். உள்ளங்கையில் வந்த கொப்புளம்தான் மிச்சம். அப்பா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "பரவால்ல, இஞ்சினீருக்கும் கை இருக்குது" என்றார்.

அடுத்து தெர்மோடைனமிக்ஸ். கார்னோ என்ற பிரெஞ்சுக்காரர் 1824-லேயே சொல்லிவிட்டுப் போன விஷயம்: எப்பேர்ப்பட்ட இஞ்சினாக இருந்தாலும், கொடுத்த சூடு அத்தனையையும் வேலையாக மாற்ற முடியாது. சூடான பக்கம் 600 கெல்வின், குளிர்ந்த பக்கம் 300 கெல்வின் என்றால், பாதிக்கு மேல் தேறவே தேறாது. மீதி வீண்தான். முதல் தேதி சம்பளக் கவரை வீட்டில் கொடுத்து, பத்தாம் தேதி பஸ்ஸுக்குச் சில்லறை கேட்டு நிற்கும் எவருக்கும் இந்த விதி சுலபமாகப் புரியும்.

மூன்றாம் வருஷம் மெஷின் டிசைன். இதற்கு டேட்டா புக் என்று ஒரு தடிப் புத்தகம் உண்டு. அதைப் பரீட்சை ஹாலுக்கே எடுத்துப் போகலாம். அம்மா கடைசிவரை நம்பவில்லை. "புக்கப் பாத்து எழுதறதுக்கு எதுக்குடா காலேஜு?" என்றாள்.

அந்த மெஷின் டிசைனில்தான் 'ஸ்ட்ரெஸ் கான்சன்ட்ரேஷன்' வரும். அந்தக் காலத்தில் ஸ்ட்ரெஸ் என்பது இரும்புக்கு மட்டும் வருகிற சமாசாரம். இப்போதுதான் ஆபீசில் எல்லோருக்கும் வருகிறது! விஷயம் இதுதான்: அகலமான ஒரு தகட்டை இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கிறீர்கள். அதன் நடுவே சின்னதாக ஒரு வட்ட ஓட்டை இருந்தால், ஓட்டையின் ஓரத்தில் மட்டும் ஸ்ட்ரெஸ் மூன்று மடங்கு. கூரான மூலையாக இருந்தால் இன்னும் மோசம். ஒரே நாளில் உடையாது. திரும்பத் திரும்ப வளையும்போது மூலையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டு, தினம் ஒரு மயிரிழை நகர்ந்து, ஒருநாள் பட்டென்று போய்விடும். உலோகத்துக்கும் களைப்பு உண்டு. 1954-ல் 'காமெட்' ஜெட் விமானங்கள் இரண்டு, ஜனவரியில் ஒன்றும் ஏப்ரலில் ஒன்றுமாக, நடுவானில் உடைந்து மத்தியதரைக் கடலில் விழுந்ததற்குக் காரணம் இந்தக் களைப்புதான். வைத்தியம் ரொம்பச் சுலபம். மூலையைக் கூராக விடாமல் கொஞ்சம் வளைத்து விட வேண்டும். பட்டறை பாஷையில், 'ரேடியஸ் போடு'.

இதைப் படம் வரைந்து, காமெட்டையும் சேர்த்து, இரண்டு பக்கம் எழுதினேன். முழு மார்க். டிஸ்டிங்ஷனும் வந்தது. அப்பா பட்டறையில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்.

1993-ல் ஒரு ஃபவுண்டரியில் வேலை. ஒரு வருஷம் புரொபேஷன். பத்தாவது மாதம் முதல் டிசைன் வேலை கைக்கு வந்தது. வார்ப்பு மண் சலிக்கிற மெஷினுக்குப் புது ஷாஃப்ட். நாற்பது மில்லிமீட்டர் தடி, முனையில் முப்பதாகக் குறைந்து, அங்கே பெல்ட் புல்லி உட்காரும். கணக்குப் போட்டேன். பாதுகாப்புக்கு நாலு மடங்கு வைத்தேன். அழகாக வரைந்தேன். 'வரைந்தவர்', 'சரிபார்த்தவர்' இரண்டு கட்டத்திலும் என் கையெழுத்தே. எவ்வளவு பெருமை!

பத்தொன்பதாம் நாள் ஷாஃப்ட் உடைந்தது.

நாற்பதும் முப்பதும் சேருகிற அந்தப் படியில் துண்டாகி, புல்லி பறந்துபோய்ச் சுவரில் மோதி விழுந்தது. அதன் வழியில் வழக்கமாக ஒரு ஹெல்ப்பர் பையன் மண் அள்ளிக்கொண்டு நிற்பான். அன்றைக்கு டீ வாங்கப் போயிருந்தான். அந்த டீக்கடைக்காரருக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.

ஒர்க்ஸ் மானேஜர் வந்தார். துண்டைப் பார்த்தார். "டர்னர் எங்கயாவது கீறல் விட்டிருப்பான். நாளைக்குக் காலைல ரிப்போர்ட் எழுதிக் குடுங்க. மெமோ குடுத்து மூணு நாள் சஸ்பெண்ட் பண்ணிரலாம்."

நான் துண்டைத் திருப்பிப் பார்த்தேன். உடைந்த முகத்தில் சிப்பி ஓட்டின் மேல் இருப்பது போல வரி வரியாகக் கோடுகள், வழவழப்பாக. ஒரு ஓரத்தில் மட்டும் சொரசொரப்பு. நான் பரீட்சையில் வரைந்த அதே படம்! கோடுகள் தொடங்கிய இடம், கத்தி மாதிரி கூரான மூலை. டிராயிங்கை எடுத்தேன். ரேடியஸ் இல்லை. நிமிஷத்துக்கு முந்நூறு சுற்று. எட்டு மணி நேர ஷிஃப்ட்டில் 1,44,000 சுற்று. பத்தொன்பது நாளில் இருபத்தேழு லட்சம் தடவை அந்த மூலை வளைந்திருக்கிறது. காமெட்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியவனுக்கு, மூன்று மில்லிமீட்டர் வளைவு போடத் தோன்றவில்லை.

உடனே மானேஜரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. வேலை நிரந்தரமாக இரண்டே மாதம் பாக்கி. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் ஷாஃப்ட் உடைந்ததை மட்டும் சொன்னேன். டர்னருக்கு மெமோ என்றேன். டிராயிங் பேச்சை எடுக்கவில்லை. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "மூணு நாளா?" என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்.

"நீ எட்டாவது படிக்கறப்போ நானு மூணு நாளு வூட்லயே இருந்தனே, ஞாபகம் இருக்குதா கண்ணு?"

இருந்தது. பட்டறையில் கரண்ட் இல்லை, லீவு என்று சொல்லியிருந்தார். அந்த மூன்று நாளும் வாசலில் உட்கார்ந்து என் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கரண்ட்டெல்லாம் இருந்துச்சு" என்றார் அப்பா. யாருடைய தப்பு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் ரிப்போர்ட்டில் ஒரே வரி எழுதினேன்: 'டிராயிங்கில் ரேடியஸ் விடுபட்டது, தவறு என்னுடையது.' மானேஜர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். எனக்குப் புரொபேஷன் ஆறு மாதம் நீண்டது. டர்னருக்கான மெமோ குப்பைக்கூடைக்குப் போனது. கணக்குப் பார்த்தால் லாபம்தான்.

சாயங்காலம் அந்த டர்னரைத் தேடிப் போனேன். அப்பா வயசு இருக்கும். பருத்திக் கழிவில் கையைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு அப்பவே தெரியுமுங்க சார்" என்றார்.

"என்னது?"

"மூலை கூரா இருக்குதேன்னு கடையறப்பவே நெனச்சனுங்க. கேக்கலாம்னும் வந்தேன்... பி.ஈ. படிச்சவரு, இதுலயும் ஏதாச்சும் கணக்கு வச்சிருப்பாருன்னு திரும்பிப் போயிட்டனுங்க."

மெமோவைவிட இது கனமாக இறங்கியது. காலேஜில் எனக்குச் சொல்லித் தந்தது அத்தனையும் உண்மை. மூலை ஏன் உடைகிறது என்று அது இல்லாமல் எனக்குத் தெரிந்திருக்காது. ஆனால் டிகிரியோடு சேர்த்து இன்னொன்றையும் கொடுத்துவிடுகிறார்கள். நம்மைச் சுற்றி ஒரு மரியாதை. விஷயம் தெரிந்தவர் வாய் திறக்கப் பயப்படும் அளவுக்கு மரியாதை. அப்பா அந்தப் பித்தளைப் பலகையிடம் எத்தனை தடவை கேட்க வந்து, கேட்காமல் திரும்பியிருப்பார்?

முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. இப்போது மூலை கூராக இருந்தால் கம்ப்யூட்டரே அந்த இடத்தைச் சிவப்பாகக் காட்டிவிடுகிறது. ஆனாலும் எங்கள் டிசைன் பிரிவுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் தரும் வேலை ஒன்றுதான். டிராயிங்கை எடுத்துக்கொண்டு மெஷினுக்குப் போ. ஓட்டுகிறவர் கையில் கொடு. "அண்ணே, இதுல என்ன தப்பு?" என்று கேள். கேட்டுவிட்டு இரண்டு நிமிஷம் சும்மா நில். அந்த இரண்டு நிமிஷம் சும்மா நிற்பதுதான் அவர்களுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

அப்பா இப்போது இல்லை. டிகிரி சர்டிபிகேட் பீரோவில், பட்டுப் புடவைக்கு அடியில் எங்கேயோ கிடக்கிறது. உடைந்த அந்த முப்பது மில்லிமீட்டர் துண்டு மட்டும் என் மேஜைமேல் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது.

"துருப்பிடிச்ச இரும்பு, தூக்கிப் போடுங்களேன்" என்கிறாள் மனைவி.

எப்படிப் போடுவேன்? அப்பா ஆசைப்பட்ட அந்த பிராக்கெட் அதுதானே!